புதுப்பித்த பின் சார்ஜ் ஏன் வேகமாக இறங்குகிறது?
திறன்பேசி பேட்டரி பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

"நேத்து ராத்திரி போன் அப்டேட் ஆச்சு சார். அதுல இருந்து சார்ஜே நிக்க மாட்டேங்குது." ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "அப்டேட்டே போடக் கூடாது டீச்சர்" என்பது ஒன்று. "பேட்டரி போயிடுச்சு, புது போன் வாங்கிடுங்க" என்பது மற்றொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். முதலாவது, நம் கைபேசியின் பாதுகாப்பைக் குறைக்கிறது. இரண்டாவது, ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தேவையில்லாமல் செலவழிக்க வைக்கிறது.

இன்று திறன்பேசி ஆசிரியரின் பணிக்கருவி. காலையில் வருகைப் பதிவு டி.என்.எஸ்.இ.டி. செயலியில் ஏற வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளின் மதிப்பீடுகளைச் செயலி வழியே பதிகிறோம். பாடநூலின் க்யூஆர் கோடு, மணற்கேணி காணொலிகள், எமிஸ் தகவல்கள், கடவுச்சொல்லுக்கான குறுஞ்செய்தி என எல்லாம் இந்தக் கையளவுக் கருவியில்தான். ஏற்காடு மலையில் வாழவந்தி போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள சிறு பள்ளிகளில், குறிப்பாக ஈராசிரியர் பள்ளிகளில், ஒருவருடைய கைபேசி அணைந்துவிட்டால் அன்றைய பதிவுப் பணியில் பாதி நின்றுவிடும். ஆகவே, சார்ஜ் இறங்குவதற்கான காரணத்தைச் சரியாகக் கண்டறியத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

முதன்மை மின்கலன், துணை மின்கலன் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். சுவர்க் கடிகாரத்தில் போடுவது முதன்மை மின்கலன். ஒருமுறை தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கைபேசியில் இருப்பது துணை மின்கலன். மீண்டும் மீண்டும் மின்னேற்றலாம். இன்றைய கைபேசிகளில் உள்ளது லித்தியம் அயனி வகை. இதன் ஒரு முனையில் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடும், மறுமுனையில் கிராஃபைட்டும், இடையில் மின்பகுளியும் உள்ளன. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிராஃபைட் பக்கம் போய் அதன் அடுக்குகளுக்கிடையே தங்குகின்றன. நாம் கைபேசியைப் பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்துதான் நம் கைபேசியின் உயிர்.

இந்த வகை பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே அதிக வயதானவர் அவர்தான். நம் மாநிலத்திலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ('செக்ரி') லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை உருவாக்கி, 2018-இல் அதைத் தொழில் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. மாணவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இந்த அயனிப் போக்குவரத்து ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நூறு சரியாக நடப்பதில்லை. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது காலப்போக்கில் தடித்து, கொஞ்சம் லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திவிடுகிறது. அதனால் பேட்டரியின் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. இது பேட்டரியின் முதுமை. இந்த முதுமையை விரைவுபடுத்துபவை முக்கியமாக இரண்டு: வெப்பமும், நீண்ட நேரம் முழு சார்ஜில் இருப்பதும். பின்னால் சொல்லப்போகும் நல்ல பழக்கங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்தவைதான்.

புதுப்பித்தவுடன் என்ன நடக்கிறது?

பெரிய மென்பொருள் புதுப்பிப்பு முடிந்து கைபேசி மீண்டும் இயங்கத் தொடங்கியதும், வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் பிறகும் திரைக்குப் பின்னால் பல வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, மறு ஒழுங்கமைப்பு. நாம் வைத்திருக்கும் செயலிகளைப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப கைபேசி மறுபடியும் தயார் செய்கிறது. ஒளிப்படங்களையும் கோப்புகளையும் புதிதாகப் பட்டியலிடுகிறது. செயலிகளும் ஒவ்வொன்றாகத் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. பள்ளி நிகழ்ச்சிப் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ள ஆசிரியரின் கைபேசியில் இந்த வேலை கூடுதலாகவே இருக்கும். கைபேசி லேசாகச் சூடாவதும் இதனால்தான். பொதுவாக ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நான்கு நாளில், இது அடங்கிவிடும்.

இரண்டாவது, பழக்கத்தைக் கற்றல். 2018-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9 முதல், நாம் எந்தச் செயலியை அதிகம் பயன்படுத்துகிறோம் என்பதைக் கைபேசி கவனித்து, மற்றவற்றுக்கு மின்சாரத்தைக் குறைக்கும் வசதி உள்ளது. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு இது ஒழுங்குக்கு வரச் சில நாள்கள் ஆகலாம்.

மூன்றாவது, சதவீதக் கணக்கு. திரையில் தெரியும் 63 சதவீதம் என்பது தண்ணீர்த் தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்த அளவு அன்று. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துக் கைபேசி போடும் மதிப்பீடு. மென்பொருள் மாறும்போது இந்த மதிப்பீட்டு முறையும் மாறலாம். அதனால் சில நாள் எண் தாவித் தாவிக் குறைவதுபோலத் தெரியும்.

நான்காவது, மாறிய அமைப்புகள். புதுப்பிப்பில் வந்த புதிய வசதிகள் தாமாகவே இயங்கத் தொடங்கியிருக்கலாம். எப்போதும் ஒளிரும் திரை, இருப்பிடத் தகவல், திரையின் உயர் புதுப்பிப்பு வீதம் போன்றவை அமைதியாக சார்ஜைத் தின்பவை.

ஐந்தாவது, உண்மையான குறை. சில வேளைகளில் புதிய மென்பொருளிலேயே பிழை இருக்கும். அல்லது ஏதோ ஒரு செயலி அதனுடன் ஒத்துப்போகாமல் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். இதற்கு அடுத்த சிறு புதுப்பிப்பில்தான் தீர்வு வரும்.

"அப்டேட் போட்டுக் கெடுக்கிறார்கள்" என்பது உண்மையா?

முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.2.1 என்ற புதுப்பிப்பை வெளியிட்டது. பேட்டரி முதுமையடைந்த ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க, அவற்றின் வேகத்தைத் தேவைப்படும்போது குறைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. பயனாளர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உண்மை வெளியானதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காததற்காக 2020-இல் பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ அபராதமும் செலுத்தியது. 2025 ஜனவரியில் கூகுளின் பிக்சல் 4ஏ கைபேசிகளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு, அவற்றில் குறிப்பிட்ட சிலவற்றின் பேட்டரிக் கொள்ளளவையே குறைத்தது. அந்நிறுவனமே இதை முன்கூட்டி அறிவித்து, இழப்பீட்டுக்கான வழிகளையும் தந்தது.

இந்த நிகழ்வுகளில் ஒரு பொதுவான செய்தி உண்டு. இரண்டிலும் மையத்தில் இருந்தது பேட்டரியின் நிலை. ஏற்கெனவே தளர்ந்த பேட்டரிக்குக் கூடுதல் வேலை வரும்போதோ, கட்டுப்பாடு வரும்போதோதான் அதன் தளர்ச்சி நம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு மாலை வரை ஓடிய கைபேசி இப்போது மதியமே அணைகிறது என்றால், புதுப்பிப்பு வெளிக்காட்டிய பழைய நோயாகவும் அது இருக்கலாம்.

மலைப்பகுதியில் ஒரு கூடுதல் காரணம்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேடும் பள்ளமும், காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்களும் நிறைந்த நிலம். ஒரு வளைவில் நான்கு கோடு காட்டும் சிக்னல், அடுத்த வளைவில் காணாமல் போகும். சிக்னல் பலவீனமான இடத்தில் கைபேசி கோபுரத்தை எட்டுவதற்காக உரத்துப் பேச வேண்டியிருக்கிறது. 4ஜி கைபேசி அதிகபட்சம் சுமார் 200 மில்லிவாட் திறனில் அலைகளை அனுப்பும். கோபுரம் அருகில் இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அத்துடன் தொடர்பு அறுந்து அறுந்து வரும் இடத்தில் கைபேசி ஓயாமல் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். 5ஜி இல்லாத இடத்தில் 5ஜியைத் தேடுவதும் வீண் செலவே.

எனவே, கோடை விடுமுறையில் சமவெளியில் உள்ள வீட்டில் புதுப்பித்துவிட்டு, ஜூன் மாதம் மலைப் பள்ளிக்கு வந்தபின் "சார்ஜ் நிற்கவில்லை" என்றால், புதுப்பிப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இடமும் மாறியிருக்கிறது. சிக்னலே இல்லாத வகுப்பறையில் பாட நேரத்தில் விமானப் பயன்முறையில் வைப்பதும், 5ஜி கிடைக்காத ஊரில் 4ஜி மட்டும் என்று அமைப்பை மாற்றுவதும் நல்ல பலன் தரும்.

இன்னொன்றும் உண்டு. கைபேசிக்கு உகந்த சூழல் வெப்பநிலை 16 முதல் 22 டிகிரி என்றும், 35 டிகிரிக்கு மேல் தவிர்க்க வேண்டும் என்றும் ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஏற்காட்டின் தட்பவெப்பம் பேட்டரிக்கு ஏற்றதுதான். ஆபத்து கீழே இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தினமும் வந்து போகிறவர்கள், கோடை வெயிலில் இருசக்கர வண்டியின் கைப்பிடியில் கைபேசியை மாட்டி, வழிகாட்டி வரைபடத்தையும் ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கொண்டு வந்தால், அது பேட்டரியை வேகவைப்பதற்குச் சமம். பைக்குள் வைத்துக்கொள்வதே மேல்.

காரணத்தைக் கண்டறிய ஒரு வாரம்

மருத்துவர் காய்ச்சலுக்கு நாள்கணக்கு கேட்பதுபோல, பேட்டரிக்கும் நாள்கணக்கு வேண்டும். பின்வரும் வரிசையில் பாருங்கள்.

1. புதுப்பித்த மறுநாள் கைபேசியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். எல்லாச் செயலிகளையும் ப்ளே ஸ்டோரில் புதுப்பித்துவிடுங்கள்.

2. மூன்று நான்கு நாள் பொறுத்திருங்கள். தினமும் காலை 9, மதியம் 1, மாலை 4 மணிக்கு சார்ஜ் சதவீதத்தைக் குறித்துவையுங்கள். நாளுக்கு நாள் நிலைமை சீரானால் கவலை இல்லை.

3. சீராகவில்லை என்றால் அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குச் சென்று, எந்தச் செயலி அதிகம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். நாம் அதிகம் பயன்படுத்தாத செயலி முதலிடத்தில் இருந்தால் அதுதான் காரணம். அதன் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள். தேவையில்லை என்றால் நீக்குங்கள்.

4. பள்ளி நாளையும் விடுமுறை நாளையும் ஒப்பிடுங்கள். நல்ல சிக்னல் உள்ள வீட்டில் சார்ஜ் நின்று, பள்ளியில் மட்டும் குறைந்தால் காரணம் சிக்னல்.

5. 20, 30 சதவீதம் இருக்கும்போதே கைபேசி திடீரென அணைகிறதா? வாங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டனவா? அப்படியானால் பேட்டரி தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐபோனிலும், சில ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் பேட்டரி நலம் எத்தனை சதவீதம் என்று அமைப்புகளிலேயே காணலாம். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புதிய கைபேசி தேவையில்லை.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைப்பது கடைசி வழி. அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் கட்டாயம் வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும்.

சார்ஜ் செய்வதில் நல்ல பழக்கங்கள்

ஒரு 'சுழற்சி' என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒவ்வொரு முறை சார்ஜரைச் செருகுவதும் ஒரு சுழற்சி என்று பலர் நினைக்கிறார்கள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கைபேசி பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். நாளுக்கு ஒரு சுழற்சி என்றால் இது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். நாம் கவனமாக இருந்தால் அதை இன்னும் நீட்டிக்கலாம்.

* இயன்றவரை 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். பல கைபேசிகளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. இரவில் சார்ஜ் போடுபவர்கள் அதை இயக்கிவிடலாம்.

* இதை விரதம்போலக் கடைப்பிடிக்க வேண்டாம். காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து மின்சாரம் தடைபடக்கூடிய ஊர்களில், முழுக்க சார்ஜ் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். தேர்தல் பணி, களப்பயண நாள்களுக்கும் அப்படியே. எப்போதாவது 100 ஆவதால் கேடில்லை. 100-லேயே வெப்பத்தில் நாள்கணக்கில் கிடப்பதுதான் கேடு.

* சார்ஜ் ஏறும்போது கைபேசி சூடானால் அதன் உறையைக் கழற்றிவிடுங்கள். தலையணைக்கு அடியிலோ, மெத்தை மேலோ, அடுப்பருகிலோ வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம்.

* இடி மின்னலின்போது சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

* சார்ஜர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டு உண்மைதானா என்று சரிபார்க்கலாம்.

* பள்ளிக் கைக்கணினிகளைக் கோடை விடுமுறையில் பூட்டிவைக்கும் முன், பாதியளவு சார்ஜ் வைத்து, முழுவதுமாக அணைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பூஜ்யத்தில் வைத்துப் பூட்டினால் ஜூனில் எழுந்திருக்காமலே போகலாம்.

சில பழைய நம்பிக்கைகளையும் கைவிடலாம். புதிய கைபேசியை எட்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும், முழுக்கத் தீர்ந்த பிறகே மறுபடி சார்ஜ் போட வேண்டும் என்பன பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரைகள். லித்தியம் அயனிக்கு அவை பொருந்தா. அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது இதற்குத் தீங்கே செய்யும்.

எப்போது புதுப்பிக்கலாம்?

புதுப்பிப்பைத் தவிர்ப்பது தீர்வாகாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை அவைதான். நம் கைபேசியில் வங்கிக் கணக்கும், மாணவர்களின் தகவல்களும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. நேரத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு நாள், மதிப்பீட்டுப் பதிவின் கடைசி நாள் ஆகியவற்றுக்கு முன்தினம் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை, நல்ல இணைய இணைப்பில், பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து, போதிய சேமிப்பிடத்தை ஒதுக்கிவிட்டுத் தொடங்கினால், சனி ஞாயிறுக்குள் பின்னணி வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். திங்கட்கிழமை வகுப்புக்குக் கைபேசி தயாராக இருக்கும்.

வகுப்பறைக்குள் கொண்டுசெல்வோம்

மின்கலன் பாடத்தை நடத்தும்போது மாணவர்களிடம் இதைப் பேசலாம். வீட்டிலுள்ள கைபேசியின் சார்ஜை மூன்று நாள் மூன்று வேளை குறித்துவரச் சொல்லி வரைபடமாக வரையச் சொல்லலாம். கணக்கும் போடலாம்: 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 3.8 வோல்ட் என்றால், அதன் ஆற்றல் 19 வாட் மணி. ஒரு யூனிட் மின்சாரம் 1,000 வாட் மணி. அப்படியானால் ஒரு யூனிட்டில் எத்தனை முறை சார்ஜ் செய்யலாம்? கணக்குப்படி 52 முறை. சார்ஜரில் வெப்பமாகும் இழப்பைக் கழித்தால் அதைவிடக் குறைவு. அந்த இழப்பு எங்கே போனது என்று கேட்டால், சூடான சார்ஜரைத் தொட்டுப் பார்த்த குழந்தையே விடை சொல்லும்.

கட்டாயம் சொல்ல வேண்டிய பாதுகாப்புச் செய்திகள் மூன்று. சார்ஜில் இருக்கும் கைபேசியில் விளையாடக் கூடாது. ஈரக் கையால் சார்ஜரைத் தொடக் கூடாது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, பிரிக்கவோ கூடாது. உடனே பெரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும். கைபேசியின் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால், பேட்டரி உள்ளே உப்பியிருக்கிறது என்று பொருள். அதன்பின் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செயல்திட்டம் என்ற பெயரில் பழைய கைபேசி பேட்டரிகளைக் குழந்தைகள் கையில் கொடுப்பதையும் நாம் தவிர்க்க வேண்டும். டார்ச் விளக்குக்கான சாதாரண மின்கலனே செய்முறைக்குப் போதும்.

தீர்ந்த பேட்டரியைக் குப்பையில் போடுவதும், தோட்டத்தில் வீசுவதும், குப்பையோடு கொளுத்துவதும் ஆபத்து. தீப்பிடிக்கும், மண்ணும் நீரும் கெடும். 2022-இல் நடுவண் அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. அடுத்தமுறை சேலம் செல்லும்போது பழைய பேட்டரியைச் சேவை மையத்தில் ஒப்படைத்துவிடலாம்.

ஆசிரியர்களே, அடுத்தமுறை சக ஆசிரியர் ஒருவர் "அப்டேட் போட்டதுல இருந்து சார்ஜ் நிக்கல" என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை நாள் ஆயிற்று? எந்தச் செயலி அதிகம் எடுக்கிறது? பேட்டரிக்கு வயது என்ன? பெரும்பாலும் இந்த மூன்றிலேயே விடை கிடைத்துவிடும். ஒரு புதிய கைபேசியின் விலையும் மிச்சமாகலாம்.

– அரசுப் பள்ளி ஆசிரியர், வாழவந்தி, ஏற்காடு ஒன்றியம், சேலம் மாவட்டம்